இருநூற்றுப் பதினோரு நாள் தாமதம்

அதீபாவின் தெருவில் ஆசிரியர் பயிற்சி முடித்த பெண்கள் நாலைந்து பேர் உண்டு. ஒருத்தி நர்ஸ். ஒருத்தி பல் டாக்டருக்குக்கூடப் படித்தாள். வக்கீலுக்குப் படித்தவர் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. அதீபா சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு ரிஃபாத், "கோர்ட்டுக்குப் போற பொண்ண யாருடி கட்டுவான்?" என்று கேட்டாள். அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் தெரு முழுக்க அதே பேச்சாகத்தான் இருந்தது.

அதீபாவுக்கு அந்த ஆசை வந்த நாள் அவளுக்கே நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம். அவளுடைய வாப்பா முகம்மது ரபீக் சவூதியில், தம்மாமில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்தார். முதலாளியோடு ஏதோ தகராறு. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு எட்டு மாசமாக ஊருக்கு விடவில்லை. போனில் வாப்பா நன்றாகத்தான் இருக்கிறேன் என்பார், ஆனால் குரல் ஒவ்வொரு வாரமும் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் அவளுடைய உம்மா ஹாஜரா பீவி யாரோ சொன்னார்கள் என்று வக்கீல் செல்லப்பாவின் ஆபீசுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தார்கள். செல்லப்பா பத்து நிமிஷம் கேட்டார். கேட்டுக்கொண்டே தூதரகத்துக்கு ஒரு பக்க மனுவை டைப்பிஸ்டிடம் வாயாலேயே சொன்னார். ஃபீஸ் கேட்கவில்லை. ஐம்பத்திரண்டாம் நாள் வாப்பா திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினார்.

ஒரு பக்கக் காகிதம் மனுஷனைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து விட்டதை அதீபா பார்த்தாள். வேறு படிப்பு அவள் மனசில் அதற்கப்புறம் ஏறவே இல்லை.

திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஐந்து வருஷமும் தென்காசியிலிருந்து காலை பாசஞ்சர் ரயில்தான். பாவூர்சத்திரம் தாண்டும்வரை தூக்கம், அம்பாசமுத்திரத்திலிருந்து படிப்பு. எல்லாப் பாடத்திலும் சாட்சியச் சட்டம்தான் அவளுக்குப் பிடித்தது. யார் சொன்னதை எதற்காக நம்ப வேண்டும், எதை நம்பக் கூடாது என்பதற்கு மனுஷர்கள் உட்கார்ந்து இவ்வளவு யோசித்து விதி எழுதி வைத்திருக்கிறார்களே என்று ஆச்சரியப்படுவாள். மாதிரி நீதிமன்றப் போட்டியில் குறுக்கு விசாரணைக்கு இரண்டாம் பரிசு வாங்கினாள். கடைசி வருஷம் கொரோனாவில் கரைந்து போனது. வீட்டு மாடியில் சிக்னல் கிடைக்கிற மூலையில் உட்கார்ந்து போன் வழியாகவே படிப்பை முடித்தாள்.

சென்னைக்குப் போய் வக்கீலாகப் பதிவு செய்தபோது உம்மா கூட வந்தாள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் புது அங்கியும் வெள்ளைப் பட்டையுமாக நின்று ஒரே குரலில் உறுதிமொழி சொன்னார்கள். அப்போது மறுபடியும் தம்மாமுக்குப் போயிருந்த வாப்பா வீடியோ காலில் பார்த்தார். கூட்டத்தில் மகள் எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல், திரையில் தெரிந்த எல்லாப் பிள்ளைகளையும் பார்த்து அழுதார்.

ஜூனியராகச் சேர அவள் இரண்டாவது இடம் தேடவில்லை. செல்லப்பாவிடமே போனாள். தென்காசி மாவட்டமான பிறகு அவருக்கு வழக்குகள் பெருகியிருந்தன. ஐம்பத்தைந்து வயது. நல்ல குரல். கோபப்பட மாட்டார், உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுக்கவும் மாட்டார். முதல் இரண்டு வருஷம் அதீபா செய்தது வாய்தா வாங்குகிற வேலைதான். "சீனியர் வேற கோர்ட்ல இருக்காங்க யுவர் ஆனர்" என்பதை ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை சொல்வாள். மிச்சத்தைக் குமாஸ்தா மாடனிடம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். எந்த மனுவுக்கு எவ்வளவு ஸ்டாம்ப், எந்த எழுத்தர் எப்போது சாப்பிடப் போவார், திருப்பி அனுப்பிய மனுவில் என்ன குறை என்றெல்லாம் மாடனுக்குத் தெரியும்.

ரெங்கம்மாள் அந்த ஆபீசுக்கு வருகிற கட்சிக்காரி. மேலகரத்தில் ஓட்டு வீடு. புருஷன் இறந்து போனபின் அவர் அண்ணன் மகன், வீடு தன் அப்பா பேரில் இருக்கிறது என்று வழக்குப் போட்டான். ரெங்கம்மாளுக்குக் குற்றால சீசனில் பேரருவிப் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற கடை, மற்ற மாசங்களில் கல்யாண மண்டபங்களில் சமையல் வேலை. வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் சிப்ஸ் கொண்டுவந்து அதீபாவின் மேஜையில் வைப்பாள். செல்லப்பாவின் மேஜைக்குப் போகக் கூச்சம்.

முன்சீப் கோர்ட்டில் தீர்ப்பு ரெங்கம்மாளுக்கு எதிராக வந்தது. வீட்டை ஒப்படைக்க வேண்டும்.

"பயப்படாதீங்க. அப்பீல் இருக்கு. தீர்ப்புல ஓட்டை இருக்கு" என்றார் செல்லப்பா.

உண்மையிலேயே ஓட்டை இருந்தது. வரி ரசீதுகளைக் கோர்ட் கணக்கில் எடுக்கவே இல்லை. தீர்ப்பு நகல் ஜனவரி இரண்டாம் வாரம் கைக்கு வந்தது. அப்பீல் போட முப்பது நாள் அவகாசம். செல்லப்பா, "வீட்டுல வச்சுப் படிச்சு நானே எழுதுதேன்" என்று வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டு போனார். பிப்ரவரி தொடக்கத்தில் அதீபா ஒரு தடவை கேட்டாள். "பாத்துக்கிடலாம்மா" என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் அவர் அரசு வக்கீல் பதவிக்கு முயற்சி பண்ணிக்கொண்டிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் சென்னையில் இருந்தார். ரெங்கம்மாள் வந்து கேட்கும்போதெல்லாம் அதீபா, "போட்டாச்சுக்கா, கோர்ட்ல நம்பர் போட்டுத் தரணும்" என்று சொன்னாள். போட்டிருப்பார் என்று நம்பித்தான் சொன்னாள். மாடன் தாக்கல் செய்ததைக் குறிக்கிற நோட்டைப் புரட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். புரட்டவில்லை.

செப்டம்பரில் ரெங்கம்மாள் ஒரு நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். எதிராளி தீர்ப்பை நிறைவேற்றக் கோர்ட்டுக்குப் போயிருந்தான்.

"அப்பீல் இருக்கையில எப்படிம்மா வீட்ட எடுக்க வருதாங்க?"

அவளை அனுப்பிவிட்டு அன்று மதியம் முழுக்க ஆபீசில் அலமாரி அலமாரியாகத் தேடினார்கள். மாடன்தான் கடைசியில் போய் செல்லப்பாவின் காரின் டிக்கியைத் திறந்து பார்த்தார். ஸ்டெப்னி டயர் மேல் போட்டிருந்த ரப்பர் விரிப்பின் அடியில் கட்டு கிடந்தது. மழை ஈரம் ஏறி நகலின் ஓரமெல்லாம் பழுப்பாகியிருந்தது. மாடன் அதை மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

செல்லப்பா கட்டை அவிழ்த்துத் தேதியைப் பார்த்தார். அப்புறம் அதீபாவை உட்காரச் சொன்னார்.

"தாமதத்த மன்னிக்கச் சொல்லி மனுப் போடணும். காரணம் சொல்லணும்லா? என் பேர்ல போட்டா முப்பது வருஷ வக்கீல் இப்படிச் செய்வாரான்னு ஜட்ஜ் கேப்பாரு. ஜூனியர் பேர்ல போட்டா, சின்னப் பிள்ளை, தெரியாம கட்டு மாறிப் போச்சுன்னு விட்ருவாங்க. எல்லா ஆபீஸ்லயும் நடக்குதுதான். அந்த அம்மாவுக்கு வீடு தங்கும்."

"சார், நான் சத்தியம் பண்ணணுமே."

"நீ யாருக்காகப் பண்ணுத? கட்சிக்காரிக்காகத்தானே."

அரசு வக்கீல் பதவியைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் மட்டும் சொன்னாள். ஹாஜரா பீவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"ஒன் வாப்பாவ மீட்டுக் கொடுத்த மனுசன்டி அவரு. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசிக்குத."

மறுநாள் கையெழுத்துப் போட்டாள். 'ஜனவரி 16 அன்று சீனியர் வழக்குக் கட்டை என்னிடம் ஒப்படைத்தார். நான் அதை வேறொரு முடிந்த வழக்கின் கட்டோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டேன். இருநூற்றுப் பதினோரு நாள் தாமதம் என் கவனக்குறைவால் நேர்ந்ததே தவிர மனுதாரர் மீது தவறில்லை.' தேதியைச் செல்லப்பாதான் சொன்னார். நோட்டரி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஜெபஸ்டின் மனுவை அப்படியே விட்டுவிடவில்லை. வாக்குமூலம் கொடுத்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்றார். விசாரணை வருவதற்குள் வருஷம் மாறி, ஏப்ரல் மாசம் ஆகிவிட்டது. அதுவரை வீட்டை எடுக்கத் தடை இருந்தது.

சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன்னால் அதீபா அங்கியையும் வெள்ளைப் பட்டையையும் கழற்றி மாடனிடம் கொடுத்தாள். மூன்றரை வருஷமாக அவள் நின்று பேசிய அதே கோர்ட். கூண்டிலிருந்து பார்க்கும்போது அறையே வேறு மாதிரி இருந்தது. வழக்கமாகத் தன் பக்கத்தில் உட்காருகிற வக்கீல்கள் எல்லோரும் எதிரில் இருந்தார்கள். கடைசி பெஞ்சில் ரெங்கம்மாள், மடியில் துணிப்பையோடு.

ஜெபஸ்டின் மெதுவாகத்தான் கேட்டார்.

"கட்டு உங்க கைக்கு வந்தது எந்தத் தேதி?"

"ஜனவரி பதினாறு."

"நிச்சயமாவா?"

"ஆமா."

"எங்க வச்சுக் கொடுத்தாரு?"

"ஆபீஸ்ல."

"பொங்கலுக்கு மறுநாளும் உங்க ஆபீஸ் உண்டோ?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அன்று ஊர் முழுக்கக் கடை அடைத்திருக்கும். செல்லப்பா அன்று குடும்பத்தோடு திருச்செந்தூரில் இருந்தார். அதுவும் அவளுக்குத் தெரியும். அவரைப் பார்த்தாள். அவர் தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"உண்டு" என்றாள்.

"நீங்களும் சீனியரும் மட்டும் இருந்தீங்களா?"

"ஆமா."

"அந்த முடிஞ்ச வழக்கு எது? நம்பர் சொல்லுங்க."

அவளுக்கு ஒரு நம்பரும் வாயில் வரவில்லை. "ஞாபகம் இல்லை" என்றாள். கல்லூரியில் இதே மாதிரிக் கேள்விகளைக் கேட்டுத்தான் அவள் பரிசு வாங்கினாள்.

ஜூன் நடுவில் உத்தரவு வந்தது. மாடன் நகல் வாங்கிக்கொண்டு வந்தார். விடுமுறை நாளில் கட்டு ஒப்படைக்கப்பட்டது என்பது நம்பும்படி இல்லை, நம்பினாலும் ஒரு வழக்கறிஞரின் இவ்வளவு அலட்சியம் தாமதத்தை மன்னிக்கப் போதிய காரணம் ஆகாது என்று எழுதியிருந்தது. 'வழக்கறிஞர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவளுடைய முழுப் பெயரும் தகப்பனார் பெயரும் இருந்தன. மனு தள்ளுபடி.

படியிறங்கும்போது ஜெபஸ்டின் அவளை நிறுத்தினார்.

"நீ தொலைக்கலைன்னு எனக்குத் தெரியும்மா. மனுவுல பதினாறுன்னு பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. நான் என் கட்சிக்காரனுக்கு வேலை பாக்கணும், கேட்டேன்."

"இப்ப நிஜத்தச் சொல்லி ஒரு மனுப் போட்டா சார்?"

"பொய்ச் சத்தியம்னு உன் மேலதான் நடவடிக்கை வரும். அந்த அம்மாவுக்கு வீடு வரும்னு சொல்ல முடியாது. மதுரை ஹைகோர்ட்டுக்குப் போகலாம். போறதுன்னா வேற வக்கீல் வச்சு, நிஜமான காரணத்தோட போகணும். அதுக்குக் கட்சிக்காரி சம்மதிக்கணும்."

ஜூலை முதல் வாரம் தீர்ப்பை நிறைவேற்ற கோர்ட் ஆமீன் மேலகரத்துக்கு வந்து வீட்டைப் பூட்டினான். அதீபா போகவில்லை. மாடன் போய்விட்டு வந்து, கிரைண்டரும் பெரிய இரும்புச் சட்டியும் ரோட்டில் கிடந்ததையும், ரெங்கம்மாள் சத்தம் போடாமல் ஒவ்வொன்றாக ஆட்டோவில் ஏற்றியதையும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள். நல்ல சீசன். சாரல் நிற்காமல் தூறிக்கொண்டிருந்தது. பேரருவியிலிருந்து ஈரத் தலையும் எண்ணெய் நாற்றமுமாக ஜனங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கேரளத்து வேன்கள் வரிசை கட்டி நின்றன. பிள்ளைகள் கத்தின. ரெங்கம்மாளின் கடையில் தார்ப்பாய்க்குக் கீழே சட்டி கொதித்தது. பின்பக்கம் கடை மறைவில் சுருட்டி வைத்த பாயும் ஒரு டிரங்குப் பெட்டியும் தெரிந்தன. வீடு போன பிறகு அவள் அங்கேதான் படுத்துக்கொள்கிறாள்.

"வாங்க வக்கீலம்மா" என்றாள் ரெங்கம்மாள். முகம் மாறவில்லை. ஜல்லிக்கரண்டியால் சிப்சை அரித்து எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கட்டத் தொலைச்சது நான் இல்லைக்கா."

கரண்டி நின்றது.

"கூண்டுல ஏறிச் சொன்னியே. நான் பெஞ்சுல இருந்து கேட்டுட்டுத்தானே இருந்தேன்."

"அது பொய்க்கா. சார்தான் சொல்லச் சொன்னாங்க. கட்டு அவங்க கார் டிக்கிலதான் எட்டு மாசமும் கெடந்துச்சு. உங்க வீடு தங்கும்னு நெனச்சுத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்."

ரெங்கம்மாள் அடுப்பைக் குறைத்தாள். மழைச் சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்தது.

"கோர்ட்ல சத்தியம் பண்ணிச் சொன்னது பொய்யி. இங்கன கடையில நின்னு சொல்லுதது நெசம். அப்படித்தானே?"

"ஆமாக்கா."

"முந்தாநாள் செல்லப்பா சார் குடும்பத்தோட அருவிக்கு வந்தாரு. கார நிறுத்தி, இந்தா, நீ நிக்குத எடத்துலதான் நின்னாரு. 'சின்னப் பிள்ளை, தெரியாம செஞ்சுட்டா, அவள மன்னிச்சிருங்கம்மா, நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்'னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அவ்வளவு பெரிய மனுசன். நீ என்னடான்னா அவரு மேல தூக்கிப் போடுத."

அதீபாவுக்கு முதலில் அது புரியவே இல்லை. புரிந்ததும், மாடனைக் கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். மாடனுக்கு அந்த ஆபீசை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அவர் சொல்ல மாட்டார்.

"மதுரைக்குப் போகலாம்க்கா. இன்னும் நாள் இருக்கு. வேற நல்ல வக்கீல் பாக்குதேன். நான் எங்க வேணும்னாலும் வந்து நிஜத்தச் சொல்லுதேன். என் வேலை போனாலும் சரி."

"எந்த நெசத்த?" என்று கேட்டாள் ரெங்கம்மாள். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி இருந்தது. "போட்டாச்சு, போட்டாச்சுன்னு ஆறு மாசம் சொன்னதும் இந்த வாய்தானே. வேணாம்மா. இனிமே என் பேர்ல ஒரு பேப்பர் போடாத. யாரும் போட வேண்டாம்."

ஒரு குடும்பம் வந்து கால் கிலோ கேட்டது. ரெங்கம்மாள் நிறுத்துப் பொட்டலம் கட்டினாள். அவர்கள் போன பிறகும் அதீபாவின் பக்கம் திரும்பவில்லை. அதீபா நனைந்துகொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

மறுநாள் செல்லப்பாவிடம் போய் இனி வரவில்லை என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "எங்க இருந்தாலும் நல்லா வா" என்றார். அவர் மனசாரத்தான் அப்படிச் சொன்னார் என்று அதீபாவுக்குத் தோன்றியது. அதுதான் அவளுக்கு ரொம்ப நாள் ஆறவில்லை.

உம்மா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. வாப்பாவிடம் இருவருமே எதையும் சொல்லவில்லை. தென்காசியில் வேறு சீனியர்கள் யாரும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உத்தரவில் பெயர் இருக்கிற பிள்ளை என்று நேருக்கு நேர் சொல்ல மாட்டார்கள், இடம் இல்லை என்பார்கள். செங்கோட்டை கோர்ட்டுக்கு மாறினாள். நோட்டரி ஒருவரின் ஆபீசில் மூலையில் ஒரு மேஜை. ஜீவனாம்சம், விபத்து, கைமாத்துச் சண்டை என்று சின்னச் சின்ன வழக்குகள். யார் வாக்குமூலம் கொடுத்தாலும் கையெழுத்துக்கு முன்னால் முழுக்கத் தமிழில் வாசித்துக் காட்டி, ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, "இது நடந்ததா?" என்று கேட்கிறாள். நிறையப் பேருக்கு அது பிடிப்பதில்லை. வக்கீலுக்கே நம் மேல் நம்பிக்கை இல்லையே என்று எழுந்து போனவர்கள் உண்டு. ஒருவர், "வேகமா முடிக்கிற ஆளாப் பாக்குதேன்" என்று முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டுப் போனார்.

மதுரைக்குப் போகிற அவகாசம் செப்டம்பரில் முடிந்தது. அந்தத் தேதி அவளுக்குத் தெரியும். அன்று வேலை ஓடவில்லை. சீசன் முடிந்ததும் ரெங்கம்மாள் கடையைக் காலி செய்துவிட்டுப் புளியங்குடியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்றும், அங்கே எலுமிச்சை கமிஷன் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறாள் என்றும் மாடன் போனில் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் சொல்லியிருக்கணும்மா" என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

டிசம்பரில் செல்லப்பா அரசு வக்கீலானார். அவர் மாலையோடு நிற்கிற படம் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றி தம்மாம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பா வீடியோ காலில் வந்தார். அறையில் கூட இருக்கும் இரண்டு பேரையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்.

"எம்மா, ஒங்க சீனியர் அரசாங்க வக்கீலாயிட்டாராமே. இவங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன், என்னைய மீட்டது அவருதான், எம் மக அவருகிட்டதான் தொழில் படிச்சான்னு. நேர்ல போய் வாழ்த்துச் சொன்னியா?"

அடுப்படி வாசலில் உம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திரையில் மூன்று முகங்களும் காத்திருந்தன. வாப்பாவின் தாடி போன வருஷத்தைவிட நன்றாக நரைத்திருந்தது.

"சொன்னேன் வாப்பா" என்றாள் அதீபா.